கொழும்பிலிருந்து மவுண்டன் பைக் வாங்குபவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிறு விடிய முன்னம் வெள்ளவத்தையிலிருந்து புறப்பட்டு, வெயில் ஏறுவதற்குள் எங்காவது ஒரு இறப்பர் தோட்டத்துக்குள் நுழைந்துவிடும் சின்னக் கூட்டம் எங்களுடையது. புதிதாகச் சேருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, எந்த சைக்கிள் வாங்குறது?" அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. அதனால் இத்தனை வருடம் கேட்ட கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

கொழும்பில் மலையே இல்லை. இங்கே இருப்பவனுக்கு மவுண்டன் பைக் எதற்கு?

காலி வீதியிலும் மரைன் டிரைவிலும் பாராளுமன்றப் பக்கம் உள்ள நடைபாதைகளிலும் மட்டும் ஓடப் போகிறீர்கள் என்றால் தேவையே இல்லை. மெல்லிய டயர் போட்ட ஹைபிரிட் சைக்கிள் ஒன்றை வாங்குங்கள். பாதி முயற்சியில் அதே தூரம் போவீர்கள்.

ஆனால் நகரத்தை விட்டு உள்ளே கொஞ்சம் போய்ப் பாருங்கள். ஹங்வெல்ல, பாதுக்க, ஹொரண, இங்கிரிய, அவிசாவளை என்று வரிசையாக நிலம் மேடு பள்ளமாகிறது. தார் முடிந்து கிரவல் ரோடு தொடங்கும். கிரவல் முடிந்து தோட்டத்துப் பாதை, அதுவும் முடிந்து ஆள் நடக்கும் ஒற்றையடிப் பாதை. அந்த இடத்துக்குத்தான் இந்த சைக்கிள். பெயரில் மலை இருப்பதற்குக் காரணம் அது பிறந்த ஊர். 1970களில் கலிபோர்னியாவின் மரின் பகுதி இளைஞர்கள் பழைய தடித்த டயர் சைக்கிள்களை மலைக்கு ஏற்றிக்கொண்டு போய் மண் பாதையில் இறக்கி விளையாடினார்கள். அந்தப் பழைய சைக்கிள்களின் சில்லு 26 அங்குலம். பல வருடங்களுக்கு எல்லா மவுண்டன் பைக்கும் 26 அங்குலமாகவே வந்ததற்குக் காரணம் இதுதான். நமக்கு வேண்டியது அந்த மலை இல்லை, கரடுமுரடான மண்ணில் நிலைதடுமாறாமல் ஓடும் குணம்.

முதலில் எதை முடிவு செய்ய வேண்டும்? பட்ஜெட்டா, பிராண்டா?

இரண்டும் இல்லை, பாதை. கடைக்குப் போவதற்கு முன் ஒரு தாளை எடுத்து, அடுத்த மூன்று மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் உண்மையிலேயே எங்கே போவீர்கள் என்று எழுதுங்கள். ஆசைப்படுகிற இடத்தை எழுதாதீர்கள். விடிய எழும்பிப் போய், மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குத் திரும்பக்கூடிய இடங்களை மட்டும் எழுதுங்கள்.

கொழும்புக்காரர்களுக்குப் பெரும்பாலும் மூன்று வகைதான் வரும். முதலாவது நீர்க்கரைப் பாதைகள்: வத்தளைப் பக்கமிருந்து நீர்கொழும்பு நோக்கிப் போகும் ஹமில்டன் கால்வாயோரம், தலங்கமக் குளத்தையும் வயல்களையும் சுற்றி உள்ள ஒழுங்கைகள், பொரலஸ்கமுவ வேரஸ் கங்கை, பொல்கொட ஏரியின் ஓரங்கள். 2018 இல் கொழும்புக்கு ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. அதன் அழகை சைக்கிளில் போனால்தான் சரியாகப் பார்க்கலாம் என்பது என் எண்ணம். இந்தப் பாதைகள் மட்டம். சஸ்பென்ஷனே, அதாவது குலுக்கலை வாங்கும் ஸ்பிரிங் அமைப்பே, இல்லாத சைக்கிளில் கொஞ்சம் அகலமான டயர் இருந்தால் போதும்.

இரண்டாவது தாழ்நாட்டு இறப்பர் மேடுகள். எங்கள் ஓட்டத்தில் பத்துக்கு எட்டு இங்கேதான். மேடு உயரமில்லை, ஆனால் திடீரென்று செங்குத்தாகும். நூறு மீற்றர் ஏறினால் இறங்கும், இறங்கினால் உடனே ஏறும். கபுக் கல்லும் செம்மண்ணும் கலந்த தரை, குறுக்கே இறப்பர் மர வேர்கள், சரிவை வெட்டிப் போகும் வடிகான்கள். மாசி மாதமளவில் மரங்கள் இலை உதிர்க்கும். அப்போது பாதை முழுக்கச் செம்பழுப்பு மெத்தை விரித்ததுபோல இருக்கும், அடியில் உள்ள வேர் கண்ணுக்கே தெரியாது. முன்சில்லு அதில் ஏறும்போதுதான் கைக்குத் தெரியும்.

மூன்றாவது மலைநாடு. கண்டியில் ஹந்தான, நக்கிள்ஸ் அடிவாரம், ஹப்புத்தளைத் தேயிலைத் தோட்டங்கள். வருடத்தில் ஒன்றோ இரண்டோ முறை, நீண்ட விடுமுறைக்குப் போவோம்.

வருடத்தில் இரண்டு நாள் போகும் இடத்துக்காக சைக்கிள் வாங்கி, மிச்ச ஐம்பது ஞாயிறும் அந்தப் பாரத்தை மிதித்துக்கொண்டு திரியாதீர்கள். மலைநாட்டுக்குப் போகும்போது வாடகைக்கு எடுக்கலாம், அல்லது உள்ளதை வைத்து மெதுவாக இறங்கலாம்.

ஹார்ட்டெயிலா, ஃபுல் சஸ்பென்ஷனா?

முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் இருப்பது ஹார்ட்டெயில், பின்னாலும் இருப்பது ஃபுல் சஸ்பென்ஷன். மேலே சொன்ன இரண்டாவது வகைப் பாதைக்கு ஹார்ட்டெயில். முன்சில்லைப் பிடித்திருக்கும் கவை, அதாவது ஃபோர்க், அமுங்கும் தூரம் 100 முதல் 120 மில்லிமீற்றர். இதைத் தயக்கமில்லாமல் சொல்வேன்.

ஃபுல் சஸ்பென்ஷன் கெட்டது இல்லை. நல்லது என்றால் விலை அதிகம், பாரம் அதிகம், பின்னால் உள்ள மூட்டுகளுக்கு பேரிங் மாற்ற வேண்டும். நம் ஊர்ச் சேறும் உப்புக் காற்றும் அந்த பேரிங்குகளைச் சும்மா விடாது. வீட்டிலிருந்து தோட்டம் வரைக்கும் முப்பது நாற்பது கிலோமீற்றர் தார் ரோடு என்பதையும் மறக்கக் கூடாது. வேன் வைத்திருக்கும் நண்பன் இருந்தால் கதை வேறு.

கடையில் பின் ஸ்பிரிங்கோடு ஒன்று மலிவாக இருக்கிறது. பார்க்கவும் வடிவாக இருக்கிறது. எடுக்கலாமா?

வேண்டாம். நானே அதில் அடிபட்டவன்.

என் முதல் சைக்கிள் அந்த வகைதான். நடுவில் மொத்தமான சிவப்பு ஸ்பிரிங், இரட்டை டிஸ்க் பிரேக், 21 கியர். கடைக்காரர், "தம்பி, இதில் ஏறினால் பள்ளமே தெரியாது" என்றார். மூன்றாவது வாரம் இங்கிரியப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஏற்றம் வந்தது. மிதிக்க மிதிக்க சைக்கிள் தவளைபோலக் குந்தி எழும்பியது, முன்னுக்குப் போகவில்லை. காலின் பலம் எல்லாவற்றையும் அந்த ஸ்பிரிங் விழுங்கிக்கொண்டிருந்தது. இறக்கத்திலோ, வேரில் பட்டு அமுங்கிய ஸ்பிரிங் அதே வேகத்தில் திருப்பி உதைத்தது. உதையை அடக்கும் எண்ணெய் அமைப்பு, அதாவது டாம்பிங், அதில் கிடையாது. நான் வடிகானுக்குள் விழுந்தேன். இறப்பர் பால் எடுத்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் வாளியை வைத்துவிட்டு ஓடி வந்து தூக்கிவிட்டார்.

சஸ்பென்ஷன் என்பது வெறும் ஸ்பிரிங் இல்லை. அமுங்குவது பாதி வேலை, மெதுவாகத் திரும்புவது மற்றப் பாதி. முன் ஃபோர்க்குக்கும் இது பொருந்தும். கடையில் கைப்பிடியை அமுக்கிச் சட்டென்று விட்டுப் பாருங்கள். 'டக்' என்று தெறித்து எழும்பினால் உள்ளே ஸ்பிரிங் மட்டும்தான். அமைதியாக எழும்பினால் டாம்பிங் வேலை செய்கிறது. காற்று அடிக்கும் ஃபோர்க் என்றால் உங்கள் பாரத்துக்கு ஏற்ப மாற்றலாம்: ஏறி உட்கார்ந்ததும் அது அமுங்கக்கூடிய மொத்தத் தூரத்தில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நாலில் ஒரு பங்கு வரை இறங்க வேண்டும்.

கையில் உள்ள காசுக்கு மலிவான ஸ்பிரிங் ஃபோர்க்தான் வரும் என்றால், ஸ்பிரிங்கே இல்லாத கட்டையான ஃபோர்க் உள்ளதை எடுத்து மிச்சக் காசை டயரிலும் பிரேக்கிலும் போடுவது புத்தி. மலிவு ஃபோர்க் இரண்டரைக் கிலோ வரைக்கும் பாரம் இருக்கும். அதைச் சும்மா சுமக்க வேண்டாம்.

21 கியர் நல்லதா, 12 கியர் நல்லதா?

எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், பல்லை எண்ணுங்கள்.

பழைய வகை 21 கியரில் முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு. ஏற்றத்துக்குப் போடும் கடைசிக் கியரில் முன்னால் 24 பல், பின்னால் 28 பல் என்று வைப்போம். பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் 26 அங்குலச் சில்லில் கிட்டத்தட்ட 1.8 மீற்றர் போவீர்கள். இப்போது வரும் 12 கியரில் முன்னால் ஒன்றே ஒன்று, 32 பல். பின்னால் பெரியது 51 பல். 29 அங்குலச் சில்லிலும் ஒரு சுற்றுக்கு 1.45 மீற்றர்தான். குறைந்த தூரம் என்றால் குறைந்த பலம் போதும். செங்குத்தான செம்மண் மேட்டில் இறங்கித் தள்ளுவதா, உட்கார்ந்தபடி ஏறுவதா என்பது இந்த முப்பத்தைந்து சென்டிமீற்றரில் இருக்கிறது.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும்: அதே 21 கியரில் பின்னால் பெரிய சக்கரம் 34 பல் என்றால் கணக்கு ஏறத்தாழ 12 கியருக்குச் சமமாக வந்துவிடும். ஆகவே கையில் காசு குறைவு என்றால் 34 பல் உள்ளதாகத் தேடுங்கள். ஆனால் முன்னால் மூன்று சக்கரம் இருந்தால் சேற்றில் செயின் கழரும் வாய்ப்பும் கூடும்.

இன்னொன்றையும் கேளுங்கள்: பின்சில்லின் நடுவில் உள்ள ஹப்பில் பல்சக்கரங்கள் பூட்டியிருப்பது ஃப்ரீவீல் வகையா, கேசட் வகையா? ஃப்ரீவீல் வகையில் வலப்பக்க பேரிங் உள்ளே தள்ளி இருக்கும். அச்சு வெளியே நீண்டு நிற்கும். பாரமான ஆள் வடிகானைக் குதித்துத் தாண்டினால் அச்சு வளையும். எங்கள் கூட்டத்தில் இரண்டு பேருக்கு வளைந்திருக்கிறது. தோட்டத்துக்குள் போகும் சைக்கிளுக்குக் கேசட்தான்.

சில்லு 26, 27.5, 29. எது?

ஐந்தடி நாலு அங்குலத்துக்கு மேல் உயரம் என்றால் 29. வேர் மேல் உருண்டு ஏறுவதில் பெரிய சில்லுக்கு நிகரில்லை. அதைவிடக் குட்டையான ஆட்கள் 27.5 பார்க்கலாம். புதிதாக 26 வாங்க வேண்டாம். நல்ல டயர் தேடுவது கடினமாகிக்கொண்டு வருகிறது.

டயரில் அவ்வளவு வித்தியாசம் இருக்கிறதா?

இருக்கிறது. என்னிடம் ஒரே ஒரு சாமானை மட்டும் நல்லதாக வாங்கலாம் என்று சொன்னால் டயரைத்தான் வாங்குவேன்.

நம் செம்மண்ணைப் பற்றி வெளிநாட்டு விளம்பரத்தில் எழுதியிருக்காது. காய்ந்திருக்கும்போது அது சீமெந்துபோல இறுகி, மேலே மாவுபோலப் பொடி படிந்திருக்கும். ஒரு மழை பெய்தால் களியாகி டயரில் ஒட்டும். நெருக்கமான சின்னப் பற்கள் உள்ள டயர் என்றால் பத்து நிமிடத்தில் பல்லெல்லாம் நிரம்பி, வழவழவென்று வெறும் சேற்று வளையமாகிவிடும். அப்புறம் என்ன, சறுக்கல்தான். பற்கள் இடைவெளி விட்டு நிற்க வேண்டும், ஓரத்துப் பற்கள் உயரமாக இருக்க வேண்டும். அகலம் 2.25 அங்குலம் அளவாகும். பின்சில்லுக்கும் பிரேமுக்கும் நடுவே உங்கள் சின்ன விரல் தாராளமாகப் போகிறதா என்று பாருங்கள். போகாவிட்டால் களி இறுகி சில்லே சுற்றாது. தடியை எடுத்துச் சுரண்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

தார் ரோட்டிலும் தோட்டத்திலும் ஒரே சைக்கிளில் ஓடுவதால் முன்னுக்கு நல்ல பல் வைத்த டயரும், பின்னுக்கு நடுவில் பல் தாழ்ந்து உருளக்கூடிய டயரும் போடுவது எங்கள் வழக்கம். முன்சில்லு சறுக்கினால் விழுவீர்கள், பின்சில்லு சறுக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம்.

காற்றழுத்தம்: எழுபது கிலோ ஆள், டியூப் உள்ள டயர் என்றால் தாரில் 40 பிஎஸ்ஐ, மண்ணில் 30 அளவு. தோட்டம் தொடங்கும் இடத்துத் தேத்தண்ணிக் கடையில் பிளேன்டீ குடிக்கும்போது காற்றை இறக்குவோம், திரும்பி வந்து அதே கடையில் இன்னொரு பிளேன்டீயோடு அடிப்போம். கையடக்கமான பம்ப் ஒன்று எப்போதும் பையில் இருக்க வேண்டும். மிகவும் குறைத்தால் கல்லில் அடிபட்டு டியூப் ரிம்மில் நசுங்கி, பாம்பு கடித்ததுபோல இரட்டைப் பொத்தல் விழும். டியூப்லெஸ் ஆக்கினால் இந்தத் தொல்லை இல்லை, 25க்குக் கீழும் இறக்கலாம். ஆனால் பொத்தலை அடைக்க டயருக்குள் ஊற்றும் பால் போன்ற திரவம் நம் வெக்கைக்குச் சீக்கிரம் காயும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கச் சோம்பல்படுபவர்கள் டியூபோடே இருங்கள்.

டிஸ்க் பிரேக் கட்டாயமா?

சேற்றுக்கு ஆம். ரிம்மில் பிடிக்கும் பிரேக் செம்மண்ணைப் பூசிக்கொண்டு ரிம்மையே அரம்போல ராவும். டிஸ்க்கில் கம்பியால் இழுப்பதும் உண்டு, எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்வதும் உண்டு. முடிந்தால் எண்ணெய். நீண்ட இறக்கத்தில் ஒரு விரலால் பிடிக்கலாம், கை வலிக்காது.

ஷிமானோ, டெக்ட்ரோ பிரேக்குகளில் மினரல் ஓயில். வேறு சிலவற்றில் டாட் எனப்படும் திரவம். டாட் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். கொழும்பின் ஈரக் காற்றுக்கு மினரல் ஓயில் உள்ளதை எடுப்பது நிம்மதி. ஒன்றுக்குரியதை மற்றதில் ஊற்றினால் உள்ளே ரப்பர் சீல் கெட்டுவிடும். அப்புறம், செயினுக்கு அடிக்கும் ஸ்பிரே ஒரு துளி டிஸ்க்கில் பட்டாலும் பிரேக் கட்டை வீண். துணியால் மூடிவிட்டு அடியுங்கள்.

எனக்கு ஐந்தடி ஒரு அங்குலம். கடையில் இருப்பதெல்லாம் உயரமாக இருக்கிறது. சீட்டைப் பதித்து ஓட்டலாம் என்கிறார் கடைக்காரர். சரியா?

சரியில்லை. எங்களோடு வரும் பெண் பிள்ளைகள் பலருக்கு இப்படிச் சொல்லித்தான் பெரிய சைஸைத் தலையில் கட்டியிருக்கிறார்கள். சீட்டை இறக்கினால் கால் எட்டும், ஆனால் கைப்பிடி தூரமாகவே இருக்கும். முழங்கை நீட்டியபடியே இருக்கும், தோள் வலிக்கும், இறக்கத்தில் உடம்பைப் பின்னுக்குத் தள்ள இடம் இருக்காது. நின்று பாருங்கள்: இரண்டு பாதமும் நிலத்தில் இருக்க, மேல் குழாய்க்கும் உங்களுக்கும் நடுவே மூன்று நாலு விரற்கடை இடைவெளி வேண்டும். உங்களுக்கு எக்ஸ்-எஸ் அல்லது எஸ், அங்குலத்தில் 14, 15. கடையில் இல்லை என்றால் காத்திருங்கள். சைஸ் பிழைத்த சைக்கிளை எந்தச் சாமான் மாற்றியும் திருத்த முடியாது.

பாவித்த சைக்கிள் வாங்கலாமா?

தாராளமாக. 2022 இல் பெற்றோல் வரிசையில் நின்று களைத்தவர்கள் நிறையப் பேர் சைக்கிள் வாங்கினார்கள். அவற்றில் பல இன்று பிளாட் படிக்கட்டுகளுக்குக் கீழே தூசி பிடித்துக் கிடக்கின்றன. அதிகம் ஓடாத நல்ல சைக்கிள் அதற்குள் இருக்கிறது.

பார்க்க வேண்டியவை: சீட் கம்பி அசைகிறதா? கடற்கரைப் பக்கம் வருடக்கணக்கில் அசையாமல் இருந்த அலுமினியக் கம்பி இரும்பு பிரேமோடு ஒட்டிக்கொண்டு வரவே வராது. அது கழராவிட்டால் வாங்காதீர்கள். ஃபோர்க்கின் மினுங்கும் கால்களில் கீறலோ துருப்புள்ளியோ இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். முன்சில்லைத் தூக்கி மெதுவாகக் கைப்பிடியைத் திருப்புங்கள். நடுவில் 'கடக்' என்று பிடித்தால் பேரிங் போய்விட்டது, அது சின்னச் செலவு, விலையில் குறைத்துக் கேட்கலாம். பிரேமின் ஒட்டுகளில் பெயின்ட் மயிரிழையாக வெடித்திருந்தால் எவ்வளவு மலிவு என்றாலும் வேண்டாம்.

கடலுக்குக் கிட்ட வீடு. துருவுக்கு என்ன செய்வது?

பல்கனியில் வைக்காதீர்கள், அவ்வளவுதான் பெரிய விஷயம். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் ஈரத் துணியால் துடைத்து, செயினைக் காயவிட்டு எண்ணெய் போடுங்கள். வருடத்தில் இரண்டு தரம் சீட் கம்பியைக் கழற்றி கிரீஸ் பூசிப் போடுங்கள். பிரஷர் தண்ணியில் கழுவ வேண்டாம், பேரிங்குக்குள் தண்ணீர் ஏறும்.

எந்த மாதங்களில் ஓடலாம்?

தை தொடக்கம் பங்குனி வரை அருமையான காலம். வைகாசியில் தென்மேல் பருவமழை பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் பின்னேர இடிமழை. அப்போதும் காலையில் ஓடலாம், ஆனால் இரவு கனமாகப் பெய்திருந்தால் ஒற்றையடிப் பாதைக்குள் இறங்காமல் கிரவலிலேயே நில்லுங்கள். ஈர மண்ணில் சில்லு வெட்டும் கோடு அடுத்த மழையில் ஓடையாகிவிடும். அந்தப் பாதையில் வேலைக்கு நடப்பவர்களுக்குத்தான் கஷ்டம். அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் கொண்டுபோங்கள்.

தோட்டத்துக்குள் யாரிடமும் கேட்காமல் போகலாமா?

கேட்டுத்தான் போக வேண்டும். அது ஒருவருடைய வேலைத்தலம். காவலாளியிடமோ கங்காணியிடமோ நின்று கதையுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள், நல்ல பாதையையும் காட்டுவார்கள். விடியற்காலை பால் வெட்டும் நேரம், மரத்தில் கட்டிய சிரட்டையில் கைப்பிடி தட்டினால் ஒருவரின் உழைப்பு மண்ணில் போகும். ஆட்களைக் கண்டால் இறங்கி நடங்கள். லபுகம, களட்டுவாவப் பக்கக் காடு கொழும்புக்குக் குடிதண்ணீர் தரும் நீரேந்துப் பகுதி. அனுமதியில்லாமல் அதற்குள் சைக்கிள் கொண்டுபோகக் கூடாது.

மலைநாட்டில் பெக்கோ ட்ரெயிலில் ஓட்டலாமா?

கண்டியிலிருந்து நுவரெலியா வரை 22 கட்டங்களாக 300 கிலோமீற்றருக்கு மேல் போகும் அந்தப் பாதை முதலில் நடப்பவர்களுக்கு உரியது. தேயிலைத் தோட்ட ரோடாக உள்ள இடங்கள் சைக்கிளுக்கு ஏற்றவை, படிக்கட்டும் செங்குத்தும் உள்ள இடங்களில் தோளில் தூக்க வேண்டிவரும். ஒரு கட்டத்தைத் தேர்ந்து, முதலில் நடந்து பார்த்துவிட்டு எடுத்துப் போங்கள்.

கடையில் இரண்டு சைக்கிள் பிடித்திருக்கிறது. கடைசியாக எப்படி முடிவெடுப்பது?

இரண்டையும் வாசலுக்கு எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஓட்டிப் பார்க்க விடாத கடையில் வாங்க வேண்டாம். அடுத்த ஒழுங்கையில் நடைபாதைக் கல் விளிம்பு ஒன்றில் மெதுவாக ஏற்றி இறக்குங்கள். மிகச் சிறிய வட்டத்தில் எட்டுப் போடுங்கள். எழும்பி நின்று பத்து மிதி மிதியுங்கள். பிறகு அடுத்த சைக்கிள். மூன்றாவது தரம் யோசிக்காமல் எதன் கைப்பிடியைப் பிடிக்கிறீர்களோ அதை எடுங்கள். காசு கொடுக்க முன் ஹெல்மெட், பம்ப், ஒரு மாற்று டியூப், அலன் கீ கூட்டம், இந்த நாலையும் பில்லில் சேர்க்கச் சொல்லி விலை பேசுங்கள். சைக்கிளோடு சேர்த்துக் கேட்டால்தான் குறைத்துத் தருவார்கள்.